பம்பு செட்டும் பி.எல்.சி.யும்

பர்கூர் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் சென்ற கோடையில் குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. கிணறு வற்றியதை அறியாமல் அது இரவில் ஓடிக்கொண்டிருந்ததே காரணம். ஒரு வாரம் பெண்கள் அடுத்த ஊருக்குக் குடத்துடன் நடந்தனர்.

கிணற்றையும் தொட்டியையும் இரவு பகலாகக் கவனித்து மோட்டாரை இயக்கும் வேலையை ஒரு சிறு பெட்டியிடம் ஒப்படைக்கலாம். தொழிற்சாலைகளில் யந்திரங்களை நடத்துவதும் இத்தகைய பெட்டியே. இதன் பெயர் புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர், சுருக்கமாகப் பி.எல்.சி. உணர்கருவிகள் தரும் செய்தியைப் படிக்கும். எழுதிவைத்த விதிப்படி முடிவு செய்யும். மோட்டாருக்கோ வால்வுக்கோ கட்டளையிடும். உடனே மறுபடியும் படிக்கத் தொடங்கும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பங்கே.

முன்னர் இவ்வேலையை நூற்றுக்கணக்கான ரிலேக்கள் செய்தன. கார் மாதிரி மாறினால் கம்பிகளையெல்லாம் பிரித்து மீண்டும் கட்டவேண்டும். இத்தொல்லையைத் தீர்க்க அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1968இல் மாற்று வழி கேட்டது. டிக் மார்லி குழுவினர் மோடிகான் 084 என்னும் கருவியை உருவாக்கினர். மின்பணியாளருக்குப் பழகிய ரிலே வரைபடத்தையே விதி எழுதும் முறையாக வைத்துக்கொண்டது அவர்களுடைய நல்ல யோசனை. இருபுறமும் நெடுங்கோடு, இடையில் படிகள். ஆகவே ஏணிப்படம் என்பர்.

அந்த ஏணியின் முதற்படி விவசாயிகளுக்குப் புதிதன்று. காந்த ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை விட்ட பின்னும் மோட்டார் ஓடுவானேன்? சுருள் இழுத்ததும் மூடிக்கொள்ளும் தொடுமுனை ஒன்று, பொத்தானுக்குப் பக்கவழியாக நின்று சுருளுக்கு மின்சாரத்தை விடாமல் அளிக்கிறது. சிவப்புப் பொத்தான் அவ்வழியை அறுக்கிறது. இதை அப்படியே ஏணிப்படத்தில் வரையலாம். அதே படியில் ‘கிணற்றில் நீர் உண்டு’ என்னும் தொடுமுனையைத் தொடராகச் சேர்த்தால், நீர் வற்றியதும் மோட்டார் நின்றுவிடும்.

ஆயினும் ஒரே மோட்டாருக்காகப் பி.எல்.சி. வாங்குவது வீண் செலவு. அதற்குச் சாதாரண நீர்மட்டக் காவல் கருவியே போதும். பல கிணறுகளும் தொட்டிகளும் சேர்ந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கே இது ஏற்றது.

மோட்டார் கட்டத் தெரிந்த கிராமத்து இளைஞர் பாதி வழி கடந்தவரே. கணினியில் பாவனையாக ஓட்டிப் பழக, விலையில்லா மென்பொருள்களும் உள்ளன. தொடக்கத்திலேயே அவர் ஒன்றை அறிந்துகொள்ளவேண்டும்: அவசர நிறுத்தப் பொத்தானை விதி எழுத்தை மட்டும் நம்பி விடலாகாது. பெட்டி பழுதுபட்டாலும் மின்சாரம் துண்டிக்கப்படுமாறு அதற்குத் தனிக்கம்பி இருக்கவேண்டும்.