உங்கள் சைக்கிளுக்கு நீங்களே மெக்கானிக்!

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். மலையின் மேற்குப் புறத்தில், இந்தப் பாதையை ஒட்டி இருக்கிறது அடி அண்ணாமலை என்னும் சிற்றூர். அந்த ஊர் மாணவி ஒருத்தி சைக்கிளில் மலையை ஒரு முறை சுற்றி வந்தால், சக்கரம் எத்தனை முறை சுழலும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

28 அங்குலச் சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். 14,000-ஐ 2.2-ஆல் வகுத்தால் சுமார் 6,360 சுற்றுகள். முன் பல்சக்கரத்தில் 48 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், பெடலை ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் 2.67 முறை சுழலும். ஆகவே அவள் சுமார் 2,400 முறை பெடலைச் சுற்றியிருப்பாள். ஒவ்வொரு சுற்றிலும் இரும்போடு இரும்பு உரசுகிறது. நாம் கவனிக்காமல் விட்டால் தேய்மானம் தன் வேலையைக் காட்டிவிடும்.

நண்பர்களே! ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, கொஞ்சம் எண்ணெய், ஒரு பழந்துணி. இவை இருந்தால் பெரும்பாலான வேலைகளை வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிடலாம்.

முதலில் பிரேக்

பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் மக்கள் கூட்டம் நிறைந்திருக்கும். பலர் வெறுங்காலோடு நடப்பார்கள். அந்தப் பாதையில் பிரேக் பிடிக்காத சைக்கிள் ஓட்டுபவருக்கு மட்டுமா ஆபத்து? நடப்பவர்களுக்கும்தான்.

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல், வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அதே பிரேக்கைக் கொண்டு நிறுத்த நான்கு மடங்கு தூரம் தேவைப்படும். ரிம்மும் பிரேக் கட்டையும் உரசி அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுகின்றன. ரிம்மில் எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்துவிடும். எனவே ரிம்மை எப்போதும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். மழையில் நனைந்த ரிம்மிலும் பிரேக் உடனே பிடிக்காது. சற்று முன்கூட்டியே பிடிக்கப் பழகுங்கள்.

கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2 அல்லது 3 மி.மீ. இருந்தால் போதும். கட்டையின் ரப்பர் தேய்ந்து, அதைத் தாங்கும் தகடு ரிம்மைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம். புதுக் கட்டையின் விலை குறைவு. ரிம்மின் விலை அதிகம்.

செயின் ஏன் நீள்கிறது?

பழைய செயின் தொய்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு ரப்பரைப் போல நீண்டுவிட்டதா? இல்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. நூற்றுக்கு மேற்பட்ட ஊசிகளின் தேய்மானம் ஒன்றுசேர்ந்து செயினை நீளச் செய்கிறது.

இதை அளப்பது எளிது. ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம்; 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். செயினை இறுக்கிப் பிடித்து ஸ்கேலை வையுங்கள். அரைக்கால் அங்குலம் (1/8) கூடுதலாக இருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றாவிட்டால் பல்சக்கரத்தின் பற்களும் கூர்மையாகத் தேய்ந்துவிடும்.

எண்ணெய் விடும் முன் அழுக்கைத் துடையுங்கள். மணலோடு எண்ணெய் கலந்தால் அது உப்புத்தாளைப் போல் இரும்பைத் தேய்க்கும். தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்; நாளடைவில் அது பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.

பெடலைக் கழற்றுவதில் ஒரு விசித்திரம் உண்டு. வலப் பெடலின் மரை வழக்கமானது. இடப் பெடலின் மரையோ எதிர்த்திசையில் வெட்டப்பட்டது! மிதிக்கும்போது இடப் பெடல் தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இது தெரியாமல் தவறான திசையில் பலங்கொண்ட மட்டும் திருகினால் மரை கெட்டுப்போகும்.

டைனமோ பொருத்துவோமா?

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் சைக்கிள் டைனமோவின் அடிப்படை. டயர் ஒரு சிறு உருளையைச் சுற்றுகிறது. அதனோடு சேர்ந்து உள்ளே ஒரு காந்தம் கம்பிச் சுருளின் அருகே சுழல்கிறது. சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. உருளையின் விட்டம் 2 செ.மீ. என்றால், சக்கரம் ஒரு முறை சுழலும்போது காந்தம் 30 முறைக்கு மேல் சுழன்றுவிடும்.

பொருத்தும்போது மூன்று செய்திகளை நினைவில் வையுங்கள். ஒன்று, டைனமோவின் அச்சை நீட்டிக் கோடு போட்டால் அது சக்கரத்தின் அச்சு வழியே செல்ல வேண்டும். கோணலாக இருந்தால் டயர் தேயும், மிதிக்கவும் கடினம். இரண்டு, டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகிறது. அப்படியானால் சுற்று எப்படி முழுமையாகிறது? சைக்கிளின் இரும்புச் சட்டமே இரண்டாவது ஒயர்! ஆகவே டைனமோவின் பிடியிலுள்ள கூர் திருகு பெயின்ட்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். 'டைனமோ சுற்றுகிறது, விளக்கு எரியவில்லை' என்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். மூன்று, டைனமோவில் 6 வோல்ட், 3 வாட் என்று பொறித்திருந்தால் அதற்கேற்ற பல்பையே போடுங்கள்.

ஆனால் வண்டி நின்றால் டைனமோ விளக்கும் அணைந்துவிடும். இருட்டில் நிற்கும் உங்களைப் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் எப்படிப் பார்ப்பார்? அதற்குத்தான் பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர். அதற்கு மின்சாரம் தேவையில்லை. லாரியின் ஒளியை லாரிக்கே திருப்பி அனுப்பும். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கு வைத்திருப்பவர்களும் ரிஃப்ளெக்டரை விட்டுவிடக் கூடாது. அதன் மேல் படியும் சேற்றைத் துடைப்பதும் பராமரிப்பே.

கடைக்கு எப்போது போவது?

புதுச் சைக்கிளில் முதல் சில வாரங்களுக்குப் பின் நட்டுகளையெல்லாம் ஒரு முறை இறுக்க வேண்டும். பள்ளியில் சைக்கிள் பெற்றவர்கள் இதை மறக்க வேண்டாம். காற்று இறங்கினால் வால்வில் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வில்தான், டியூபில் அல்ல. ஆனால் சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, கிராங்கின் காட்டர் பின்னைத் தட்டி எடுப்பது ஆகியவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அருகே நின்று கவனியுங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் பிறர் தயவை நாட வேண்டிய நிலை அவர்களுக்குக் குறைந்தது. அந்தச் சுதந்திரம் செயின் அறுந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது அல்லவா?

மாதம் ஒரு பௌர்ணமி வருகிறது. அதற்கு முந்தைய ஞாயிறன்று அரை மணி நேரத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். பிரேக், செயின், காற்று, விளக்கு, மணி என்ற இந்த வரிசையில் பாருங்கள். முதல் மாதமே செயினின் 24 கண்ணிகளை அளந்து நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளந்தால், தேய்மானம் என்றால் என்ன என்பதை உங்கள் ஸ்கேலே சொல்லும்.