புதுப் பீட்சா கடையில் முதலில் எதைக் கேட்பது?

சாத்தூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே இருக்கும் ஏழாயிரம்பண்ணைக்காரர்களுக்குத் தின்பண்டத்தைத் தரம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாத்தூர் சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான். சேவு இன்றைக்குப் போட்டதா, போன வாரத்துச் சரக்கா என்பதை வாயில் போட்டதுமே சொல்லிவிடுவார்கள். ஆனால் சிவகாசியிலோ கோவில்பட்டியிலோ பீட்சா, பாஸ்தா என்று ஒரு புதுக்கடை திறந்தால் அதே நாக்கு தடுமாறுகிறது. முன்னால் சாப்பிட்டு ஒப்பிட்ட ருசி கையிருப்பில் இல்லை. ஆகவே எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நமக்குப் பழக்கமான பீட்சா இத்தாலியிலிருந்து நேராக வந்ததல்ல. 1996இல் டோமினோஸ் டெல்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் கடை திறந்தன. இரண்டுமே அமெரிக்கக் கம்பெனிகள். தடித்த அடி, நிறையச் சீஸ், மேலே குவியலாகக் காய்கறி என்ற உருவம் அந்த வழியாக வந்தது. அதனால் நம்மூர்க் கடையைப் பீட்சாவுக்குப் பேர்போன இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை. எடுத்துக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

அதற்கு மெனுவில் ஆக எளிமையானதைக் கேளுங்கள். பெரும்பாலும் முதல் வரியில், குறைந்த விலையில் இருக்கும் மார்கரீட்டா. அதில் மாவு, தக்காளி, சீஸ் மூன்றும்தான். எதுவும் எதற்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியாது. பன்னீர் மக்கானி, சிக்கன் டிக்கா என்று பரிமாறுகிறவர் ஆசை காட்டுவார். காரமான மசாலா மேலே விழுந்துவிட்டால் அடிமாவு எப்படி இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

தட்டு வந்ததும் ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈஸ்ட் போட்டுப் பல மணி நேரம் புளிக்க வைத்த மாவென்றால் ஓரத்தில் சின்னதும் பெரியதுமாகக் காற்றுக் குமிழ்கள் இருக்கும், அடியில் அங்கங்கே சிவந்திருக்கும். அடி முழுவதும் ஒரே வெளிர் நிறம், கடித்தால் உதிர்வது, இலேசான இனிப்பு பன் வாசனை என்றால் பேக்கரியில் வாங்கிய பேஸாகத்தான் இருக்கும். வாங்கிய பேஸ் குற்றமில்லை. அதற்குத் தகுந்த விலை போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். “தம்பி, மாவு இங்கேயே பிசையிறீங்களா, பேஸ் வாங்குறீங்களா?” என்று நேராகவே கேட்கலாம். சொந்தமாகப் பிசைகிறவர் பெருமையோடு சொல்வார்.

கருகின புள்ளிகள் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நேப்பிள்ஸ் பீட்சாவுக்கென 1984இல் தொடங்கிய சங்கம் வகுத்திருக்கும் விதிப்படி மிகக் கடுமையான சூட்டில், 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். அந்தப் புள்ளிகள் அந்தச் சூட்டில் விழுபவை, சின்ன மின் அடுப்புகள் அதை எட்டுவதில்லை. அவற்றில் வேகச் சில நிமிடங்கள் ஆகும்.

சீஸைச் சோதிக்கப் பொறுமை வேண்டும். இழுத்தால் நூலாக நீள்வது ஒரு சாட்சியே அல்ல. தாவர எண்ணெயில் செய்த போலிச் சரக்கும் அப்படி நீளும்படிதான் தயாரிக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பத்து நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். மொசரெல்லா ஆறினால் இறுகும், ஆனால் பால் ருசி இருக்கும். மற்றது ரப்பராகி, மேலண்ணத்தில் எண்ணெய்ப் பசையை விட்டுப்போகும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த பொருளைச் சீஸ் என்ற பெயரில் விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதே ஆணையம் கொடுக்கும் 14 இலக்க உரிம எண் கடைச் சுவரிலும் பில்லிலும் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்காளிச் சாஸில் பாட்டில் கெட்சப்பின் இனிப்பும் வினிகர் வாடையும் தூக்கலாக இருந்தால் சமையலறையில் குறுக்குவழி நடக்கிறது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

பாஸ்தா கொஞ்சம் பெரிய பரீட்சை. உலர்ந்த பாஸ்தாவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலி 1967இலேயே சட்டம் போட்டது. அந்த ரவை வெந்த பிறகும் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்கும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், பக்குவமே அதுதான். கடைகளில் முன்கூட்டியே வேகவைத்து எண்ணெய் தடவி வைத்திருப்பது உண்டு. சாஸில் ஓரிரு நிமிடம் புரட்டினால் சரியாக வரும், அதிகமானால் குழைந்துவிடும். ஒயிட் சாஸில் பச்சை மைதா வாடை அடித்தால், வெண்ணெயில் மாவை வறுக்கும்போதே அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என்னைக் கேட்டால் மெனுவில் ஆலியோ ஓலியோ இருக்கிறதா என்று பார்ப்பேன். பூண்டு, எண்ணெய், மிளகாய், பாஸ்தா, கொஞ்சம் மல்லித்தழை மாதிரி ஒரு கீரை. இந்த ஒன்றில் நம் நாக்குதான் நீதிபதி. பூண்டு பொன்னிறத்தில் நின்றதா, கருகிக் கசந்ததா என்பதில் தாளிப்பிலேயே வளர்ந்தவர்களை ஏமாற்ற முடியாது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அசல் பார்மிசான் சீஸில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் கவலையில்லை.

செட்டிநாடு சிக்கன் பீட்சாவைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அன்னாசிப் பழம் போட்ட ஹவாய் பீட்சாவே 1962இல் கனடாவில் ஒரு கிரேக்கர் கண்டுபிடித்ததுதான். ஆனால் அந்த மாதிரிப் பீட்சாவெல்லாம் இரண்டாம் முறைக்கு. முதல் முறை போவதற்கும் நாள் பார்க்க வேண்டும். திறப்புவிழாச் சலுகை ஓடும் வாரமும், வாரச் சம்பளம் கைக்கு வந்து கூட்டம் அள்ளும் சனிக்கிழமை மாலையும் வேண்டாம். எந்தச் சமையற்காரரும் அன்றைக்கு அவசரத்தில்தான் இருப்பார்.

ஊருக்குப் பார்சல் வாங்கினால் அதை வைத்துக் கடையை எடைபோடாதீர்கள். மூடிய அட்டைப்பெட்டிக்குள் ஆவி தங்கி அடி நமத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து, துண்டுகளை எண்ணெய் இல்லாமல் அடுக்குங்கள். அடி மொறுமொறுப்பானதும் கல்லின் ஓரத்தில் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் மூடிவைத்தால் சீஸும் இளகிவிடும்.