கேமரா வழியே வந்த இயக்குநர்

பாலநாதன் பெஞ்சமின் மகேந்திரன் என்ற பாலு மகேந்திரா 1939 மே 20 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பை ஒட்டிய அமிர்தகழியில் பிறந்தார். மாமாங்கேஸ்வரர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. பக்கத்திலேயே நிலா நாளில் மீன் பாடும் என்று மட்டக்களப்பார் சொல்லும் வாவி. தந்தை கல்லூரி ஆசிரியர். வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. மகனுக்கோ படிப்போடு கதை, நாடகம், படம் எடுத்தல் என்று எல்லாவற்றிலும் நாட்டம்.

மட்டக்களப்பில் இயேசு சபையினர் நடத்திவந்த புனித மிக்கேல் கல்லூரியில் படித்தபோது, வகுப்பாசிரியர் ஒருவர்தான் அவருக்குச் சினிமாவின் வேறொரு முகத்தைக் காட்டினார். இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ரஷ்யாவின் ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’ ஆகிய படங்களை அவர் பார்த்தது பள்ளி நாட்களில். சென்னையிலிருந்து கப்பலேறி வந்த பாட்டும் சண்டையும்தான் சினிமா என்றிருந்த ஊரில் இது சின்ன விஷயமல்ல. பள்ளிச் சுற்றுலா ஒன்றில் டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பையும் பார்க்கக் கிடைத்தது. கித்துள்கலை ஆற்றோரம் எடுக்கப்பட்டு 1957-இல் வெளியான படம் அது. இயக்குநர் ‘மழை’ என்று குரல் கொடுத்ததும் மழை கொட்டியதாம். கடவுளால் மட்டுமே முடியும் என்று நினைத்திருந்ததை ஒரு மனிதர் செய்கிறாரே என்ற வியப்பில், தானும் இயக்குநராக வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்ததாகப் பிற்காலப் பேட்டிகளில் பாலு மகேந்திரா சொல்லிவந்தார். ஒரே நொடியில் வாழ்க்கை திரும்பியதாகச் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் ஆசை விழுந்தது அந்த வயதில்தான் என்பதில் சந்தேகமில்லை.

ஆசைக்கும் தொழிலுக்கும் நடுவே பத்தாண்டுகள் ஓடின. நில அளவைத் துறையில் வேலை பார்த்தார். ‘தேனருவி’ என்ற இலக்கிய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். இலங்கை வானொலி நாடகங்களில் குரல் கொடுத்தார். கொழும்பில் சிங்கள நாடகக் குழுக்களோடும் பழகினார். சிங்கள சினிமா அப்போதுதான் தன் காலில் நிற்கத் தொடங்கியிருந்தது. தென்னிந்திய ஸ்டூடியோக்களை நம்பியிருந்த அந்தத் துறையை, 1956-இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்தின் மூலம் கிராமத்து வெயிலுக்கு அழைத்து வந்திருந்தார். தமிழில் படம் எடுக்க விரும்பிய ஓர் இளைஞனுக்கு மட்டும் இலங்கையில் இடமில்லை. தமிழ்ப் படம் என்றால் பெரும்பாலும் சென்னையிலிருந்து இறக்குமதிதான்.

1966-இல் புனே திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் மத்திய அரசு தொடங்கிய கல்லூரி அது. மற்றப் பிரிவுகளில் இடம் கிடைக்கவில்லை, ஒளிப்பதிவில்தான் கிடைத்தது. இயக்குநராக வேண்டும் என்று கடல் கடந்து வந்தவர் லென்ஸும் லைட்டும் படிக்க உட்கார்ந்தார். அவர் சினிமாவுக்கு ஒரு தனி முகம் கிடைத்தது இந்த ஏமாற்றத்தால்தான். கதையை வசனமாக யோசிக்காமல், எந்த நேரத்து வெளிச்சத்தில், எந்த ஜன்னலோரம் நடக்கும் காட்சி என்று யோசிக்கும் பழக்கம் அங்கே உண்டானது. கூடவே த்ரூஃபோ, கோதார் படங்களை அலுக்காமல் பார்த்தார். 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார்.

கல்லூரிப் பயிற்சிக்காக அவர் எடுத்த படம் ‘செம்மீன்’ இயக்குநர் ராமு காரியாட்டின் கண்ணில் பட்டது. தன் ‘நெல்லு’ படத்துக்கு அவரையே ஒளிப்பதிவாளராக்கினார். வயநாட்டு வயலையும் காட்டையும் பின்னணியாகக் கொண்ட அந்தப் படம் 1974-இல்தான் திரைக்கு வந்தது. கேரள அரசின் சிறந்த ஒளிப்பதிவாளர் விருது கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகள் மலையாளத்தில் கைநிறைய வேலை.

அவர் ஒளியமைப்பில் புதுமை என்ன? அன்றைய ஸ்டூடியோ முறையில் மேலே பரண் கட்டி, அதிலிருந்து பெரிய விளக்குகளை நடிகர் முகத்தில் நேரடியாக அடிப்பார்கள். ஒரே ஆளுக்குச் சுவரில் இரண்டு மூன்று நிழல் விழும். அந்த வெளிச்சத்தைத் தாங்க முகத்தில் அப்பிய மேக்கப் வேண்டும். படச்சுருளும் அவ்வளவு ஒளியுணர்வு கொண்டதல்ல. அன்றைய ஈஸ்ட்மன் வண்ணச் சுருளின் வேகம் 100 ஏ.எஸ்.ஏ. அளவில்தான் இருந்தது. வெளிச்சம் குறைந்தால் படம் இருண்டுவிடும். இதற்கு மாற்று வழியை வங்காளத்தில் சுப்ரதா மித்ரா 1956-இலேயே காட்டியிருந்தார். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் அமைத்தபோது, தலைக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். கீழிருந்து அதன்மேல் விளக்கை அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, திறந்த முற்றத்தில் இறங்கும் பகல் வெளிச்சம் போலவே நிழலில்லாமல் பரவியது.

பாலு மகேந்திரா இந்த வழியில் இன்னும் ஓரடி போனார். முடிந்த மட்டும் விளக்கையே தவிர்த்தார். கதவு, ஜன்னல், கூரைக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, நடிகரை அதற்கேற்ப நிறுத்தினார். போதாத இடத்தில் வெள்ளைப் பலகையில் பட்டுத் திரும்பும் ஒளி. வெளிப்புறக் காட்சி என்றால் உச்சி வெயிலை விட்டுவிட்டு, காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலுக்குக் காத்திருந்தார். காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை எடுக்கும் பெண்கள் கடை விளக்கை நம்பாமல், சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். அவருக்கும் முகத்தின் நிறம் அப்படித்தான் தெரிய வேண்டியிருந்தது. அவர் நாயகிகள் மாநிறத்திலோ கறுப்பிலோ, பூச்சில்லாமல், நூல் புடவையில் வந்தார்கள். சிவப்பழகை விற்றுக்கொண்டிருந்த ஒரு தொழிலில் இது அழகியல் முடிவு மட்டுமல்ல.

1977-இல் கன்னடத்தில் ‘கோகிலா’ மூலம் இயக்குநரானார். கமல்ஹாசனும் ஷோபாவும் நடித்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றது. அடுத்த ஆண்டு மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தபோதுதான் தமிழ் ரசிகர் அவர் பெயரைக் கவனித்தார். மலைப்பனியும் ஈரமண்ணும் வசனத்தைவிட அதிகம் பேசும் தமிழ்ப் படம் அதற்குமுன் அபூர்வம். தமிழில் அவர் இயக்கிய முதல் படம் ‘அழியாத கோலங்கள்’ 1979-இல் வந்தது. தெலுங்கின் ‘சங்கராபரணம்’, மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனுபல்லவி’ இரண்டிலும் கேமரா அவருடையதே. 1982-இன் ‘மூன்றாம் பிறை’ இரண்டாவது முறை தேசிய விருதைக் கொண்டுவந்தது. தான் இயக்கிய பல படங்களில் ஒளிப்பதிவோடு படத்தொகுப்பையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

இவை எல்லாவற்றையும்விட அவர் வழி முழுசாகத் தெரிவது 1988-இன் ‘வீடு’ படத்தில். சிறுவயதில் தன் வீட்டார் வீடு கட்டியபோது தாயார் பட்ட பாடும் அடைந்த மாற்றமும்தான் அதற்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். சென்னையில் மாதச் சம்பளக்காரப் பெண் ஒருத்தி கடன் வாங்கி வீடு கட்ட இறங்குகிறாள். ஒப்பந்தக்காரரின் ஏமாற்று, சிமென்ட் திருட்டு, அலுவலகங்களின் படிக்கட்டு என்று கதை நகர்கிறது. படத்துக்காக நிஜமாகவே ஒரு வீடு எழும்பியது. செங்கல் ஏற ஏறக் காட்சிகள் எடுக்கப்பட்டன. பேத்தி கட்டும் வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியே வருகிறார் தாத்தா சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார். ஒவ்வோர் அறையாகக் குழந்தைபோல் நுழைந்து வெளிவருகிறார். கதவில்லாத நிலைகளின் வழியே பகல் உள்ளே வருகிறது. வசனம் இல்லை. இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ இசை மட்டும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கலாம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது ‘வீடு’க்கும், சிறந்த நடிகைக்கான விருது அர்ச்சனாவுக்கும் கிடைத்தன.

வசூல் கணக்கும் அவரைத் துரத்தாமல் இல்லை. ஆட்டபாட்டம் நிறைந்த மசாலாப் படம் ஒன்றை எடுத்து, அதற்கு ‘நீங்கள் கேட்டவை’ என்று பெயர் வைத்தார். குறும்பும் கோபமும் சரிபாதி. 1999-இலிருந்து சன் தொலைக்காட்சிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை ‘கதை நேரம்’ என்று வாரக் குறும்படங்களாக எடுத்தார். அவர் உதவியாளராக வருகிறவர்கள் முதலில் கதைகளைப் படித்தாக வேண்டும். பாலா, சீனு ராமசாமி, வெற்றிமாறன், ராம் எல்லாரும் அந்தப் பட்டறையில் தேறியவர்கள். காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் 1975-இல் பிறந்து, காஞ்சி பச்சையப்பன் கல்லூரியில் இயற்பியல் படித்த நா. முத்துக்குமாரும் அவர்களில் ஒருவர். இயக்குநராகும் கனவோடு சேர்ந்தவர் பாடலாசிரியரானார். நினைத்த வாசல் திறக்காமல் பக்கத்து வாசலில் நுழைந்தவர்களுக்கு அந்த வீட்டில் முன்னுதாரணம் இருந்தது. 2007-இல் ‘சினிமா பட்டறை’ என்ற பெயரிலேயே ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்.

பாலு மகேந்திராவின் கடைசிப் படம் ‘தலைமுறைகள்’. கிராமத்துத் தாத்தாவுக்கும், தமிழ் தெரியாமல் வளர்ந்த பேரனுக்கும் இடையிலான கதை. தாத்தாவாக அவரே நடித்தார். படம் 2013 டிசம்பரில் வெளியானது. 2014 பிப்ரவரி 13 அன்று சென்னையில் காலமானார். இரண்டு மாதம் கழித்து அறிவிக்கப்பட்ட தேசிய விருதுப் பட்டியலில் ‘தலைமுறைகள்’ தேசிய ஒருமைப்பாட்டுக்கான படமாகவும், ராமின் ‘தங்க மீன்கள்’ சிறந்த தமிழ்ப் படமாகவும் இடம்பெற்றன; அதில் பாட்டெழுதிய முத்துக்குமார் சிறந்த பாடலாசிரியராக இடம்பெற்றார்.