கவ்வாத்துக் கத்தியும் கரையோரக் கத்தியும்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவங்களுக்குக் கத்தியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் புத்தளம் மாவட்டத்துக் கரையோரத் தென்னந்தோட்டங்களைப் பார்த்தால், நாமும் படிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

மாரவில, சிலாபம் பக்கம் கள் இறக்குகிறவர் தென்னம்பாளையைத் தினமும் மெல்லிசாகச் சீவுகிறார். கத்தி மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும், கள் சரியாக ஊறாது. அதனால் அவர் கத்தி சவரக் கத்தி மாதிரி இருக்கும். நம்ம கவ்வாத்துக்கும் இதே கதைதான். மழுங்கின கத்தி கிளையைப் பிளந்துவிடும், பிளந்த இடத்தில் தண்ணீர் இறங்கி வாது அழுகும். தேங்காய் உரிக்க மட்டும் அங்கே கத்தியே எடுப்பதில்லை. நிலத்தில் நட்ட இரும்புக் கூரில் குத்தித்தான் உரிக்கிறாங்க. எல்லா வேலைக்கும் ஒரே மன்னா கத்தியைத் தூக்குகிற நம்ம ஆட்கள் இதைக் கவனிக்கணும்.

கடற்காற்றில் உப்பு இருப்பதால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, ஈரம் போக வைத்து, தேங்காய் எண்ணெய் பூசினால் போதும். மலையில் உப்பு இல்லை, ஆனால் மழையும் பனியும் இருக்குதே! டவுனில் வாங்கிய பளபளப்புக் கத்திகளைச் சில இளைஞர்கள் சேர்த்து வைக்கிறாங்க. பார்க்க அழகுதான். லொறி வில்லுத் தகட்டில் கொல்லர் அடித்த கத்தி ஒன்று இருந்தால் அதுவே பெரிசு என்பது எங்கள் எண்ணம். அதை மின்சாரச் சாணையில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்க. விளிம்பு நீல நிறமானால் பதம் போய்விட்டது.

மூங்கில் தடி நுனியில் கத்தி கட்டித் தேங்காய் பறிக்கும்போது மின்கம்பி பக்கத்தில் இருந்தால் தடியைத் தூக்கவே கூடாது. ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். லயத்துப் பக்கம் பலாக்காய், முருங்கை பறிக்கிறவங்களுக்கும் இதைச் சொல்லி வையுங்க.

கத்தி பட்ட காயத்தில் தேயிலைத் தூள், சுண்ணாம்பு வைக்காதீங்க. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்றதும் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசிக்கு ஆஸ்பத்திரி போங்க.

முக்கியமான விசயம், பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறுகிற பழக்கம். கண்ணாடி விரியன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. கீறினால் அந்தக் காயமே நிற்காமல் ஒழுகும். கயிறும் கட்ட வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், அசைக்காமல் படுக்க வைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்க. அம்புலன்ஸ் இலவசம்.