வைத்திருப்பவரைக் கேளுங்கள்! – பாக்கார்டு காரின் கதை

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள் நம் பெரியவர்கள். மணமே சொல்லிவிடும் என்பது அதன் பொருள். ஆனால் இரும்பாலும் ரப்பராலும் ஆன ஒரு மோட்டார் காருக்கு மணம் ஏது? அதன் நல்லது கெட்டதைத் தெருவில் நின்று பார்ப்பவன் அறிய முடியாது. வாங்கி ஓட்டியவன்தான் சொல்ல வேண்டும். இந்த எளிய உண்மையையே மூலதனமாகக் கொண்டு அமெரிக்காவில் ஒரு கார் நிறுவனம் எழுந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அதன் பெயரில் கார்கள் ஓடின. இறுதியில் அதே உண்மையே அதற்கு எதிராகவும் நின்றது. அந்த நிறுவனத்தின் பெயர் பாக்கார்டு.

இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான் கார் ஓட்டி அறியாதவன். எங்கள் குடும்பத்தில் யாரும் கார் வாங்கியதும் இல்லை. நம் கல்லூரி நூலகத்தில் எஞ்சின்களைப் பற்றிய நூல் ஒன்றைப் புரட்டியபோது இந்தப் பெயர் கண்ணில் பட்டது. மேலும் மேலும் தேடிப் படித்தேன். படித்தவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோபத்தில் பிறந்த கார்

ஒஹையோ மாநிலத்தில் வாரன் என்று ஓர் ஊர். அங்கே வில்லியம் பாக்கார்டு, ஜேம்ஸ் வார்டு பாக்கார்டு என்ற சகோதரர்கள் மின்விளக்குகளும் மின்சாதனங்களும் செய்து வந்தனர். இளையவரான ஜேம்ஸ் வார்டு, லீஹை பல்கலைக்கழகத்தில் 1884-இல் பொறியியல் பட்டம் பெற்றவர். புதிய இயந்திரம் எதைக் கண்டாலும் அதைப் பிரித்துப் பார்க்கத் துடிப்பவர்.

1898-இல் அவர் கிளீவ்லாந்து நகரில் அலெக்சாண்டர் வின்டன் என்பவர் செய்த கார் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதை ஓட்டிக்கொண்டு வாரனுக்குப் புறப்பட்டார். வழியில் கார் பழுதுபட்டது. கடைசியில் குதிரை பூட்டி இழுத்துத்தான் அது ஊர் வந்து சேர்ந்ததாம். குதிரைக்கு மாற்றாக வந்த வண்டியைக் குதிரையே இழுத்து வந்தால் பார்ப்பவர் சிரிக்காமல் இருப்பார்களா?

பாக்கார்டு மீண்டும் வின்டனிடம் சென்று குறைகளை எடுத்துச் சொன்னார். எப்படிச் சரி செய்யலாம் என்பதையும் சொன்னார். வின்டனுக்கோ தம் படைப்பின்மீது அளவற்ற பெருமை. அவ்வளவு தெரிந்தவர் நீரே ஒரு கார் செய்துகொள்ளலாமே என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக வரலாறு கூறுகிறது. பாக்கார்டு அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். வின்டன் நிறுவனத்தைச் சேர்ந்த இருவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். 1899 நவம்பர் 6-ஆம் நாள், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பொருத்திய முதல் பாக்கார்டு கார் வாரன் தெருக்களில் ஓடியது.

வாங்கியவர் சொன்ன குறையைக் காதில் வாங்காத வின்டன் 1924-இல் கார் செய்வதையே நிறுத்திவிட்டார். குறை சொன்னவரின் பெயரோ உலகெங்கும் பரவியது.

சில சொல்லில் ஒரு விளம்பரம்

கார் நன்றாக ஓடுகிறது என்ற செய்தி பரவியதும் விவரம் கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கின. அனுப்புவதற்கு அச்சிட்ட விவரத்தாள் எதுவும் கைவசம் இல்லை. ஒரு கடிதத்திற்கு என்ன பதில் எழுதுவது என்று கேட்ட செயலாளரிடம், "அதை வைத்திருப்பவரைக் கேட்கச் சொல்" என்றாராம் ஜேம்ஸ் வார்டு. 1901-இல் விளம்பரத்தில் ஏறிய அந்த வாசகம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிறுவனத்தின் அடையாளமாக விளங்கியது. தன் பொருளின்மீது முழு நம்பிக்கை உள்ளவன் மட்டுமே இப்படிச் சொல்ல முடியும். நூறு பேரிடம் விற்றவன் நூறு சாட்சிகளை ஊரில் உலவ விடுகிறான் அல்லவா?

அந்தச் சாட்சிகளில் ஒருவரே நிறுவனத்தின் தலையெழுத்தை மாற்றினார். டெட்ராய்ட் நகரச் செல்வர் ஹென்றி ஜாய் நியூயார்க் சென்றிருந்தபோது, நின்றிருந்த இரண்டு பாக்கார்டு கார்கள் உடனே கிளம்பி, குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டி ஒன்றைத் துரத்திச் சென்றதைக் கண்டார். எஞ்சினைக் கிளப்புவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. வியந்துபோன ஜாய் அங்கேயே ஒரு பாக்கார்டை வாங்கினார். பிறகு வாரனுக்கே சென்று நிறுவனத்தில் முதலீடு செய்தார். நண்பர்களையும் முதலிடச் செய்தார். 1903-இல் தொழிற்சாலை டெட்ராய்ட்டுக்கு மாறியது. கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் அங்கே எழுப்பிய கட்டடங்களுள் 1905-இல் எழுந்த பத்தாம் எண் கட்டடம், இரும்புக் கம்பி பொதிந்த கான்கிரீட்டால் ஆனது. பின்னாளில் வந்த தொழிற்சாலைகள் பலவற்றுக்கு அது முன்மாதிரி.

அதே 1903-ஆம் ஆண்டில் டாம் ஃபெட்ச் என்ற பணியாளர், 'ஓல்டு பசிபிக்' என்று பெயரிட்ட ஒற்றைச் சிலிண்டர் பாக்கார்டு காரைச் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை ஓட்டினார். வழியில் பல இடங்களில் சாலையே இல்லை. மணலில் சக்கரம் புதைந்தபோது கித்தான் துணியை விரித்து அதன்மேல் ஓட்டினார்கள். பயணம் முடிய ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் வேறொருவர் காரில் அமெரிக்காவை முதன்முதலாகக் குறுக்கே கடந்திருந்தார். அவர் ஓட்டியது எந்தக் கார் தெரியுமா? வின்டன்! பாக்கார்டு முந்த முடியவில்லை. ஆனால் தாங்கும் என்பதை மெய்ப்பித்தது.

பன்னிரண்டு சிலிண்டரின் இயற்பியல்

1915-இல் பொறியாளர் ஜெஸ்ஸி வின்சென்டின் வடிவமைப்பில் 'ட்வின் சிக்ஸ்' என்ற பன்னிரண்டு சிலிண்டர் கார் வெளிவந்தது. ஆறு ஆறாக இரு வரிசைகள். அவை 60 பாகைச் சாய்வில் ஒன்றுக்கொன்று எதிராக நின்றன.

எதற்காக இத்தனை சிலிண்டர்கள்? நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் வணரி அச்சு இரண்டு சுற்று, அதாவது 720 பாகை, சுழல்வதற்குள் ஒரே ஒருமுறைதான் உந்துகிறது. நான்கு சிலிண்டர் இருந்தால் 180 பாகைக்கு ஓர் உந்தல். பன்னிரண்டு இருந்தால் 60 பாகைக்கு ஓர் உந்தல். ஓர் உந்தல் ஓய்வதற்குள் அடுத்தது வந்து சேர்வதால் அதிர்வு குறைந்து ஓட்டம் சீராகிறது. ஊஞ்சலில் இருப்பவரை எப்போதோ ஒருமுறை ஓங்கித் தள்ளுவதற்கும், இடைவிடாமல் மெல்லத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இதனால் ஓட்டுநர்களுக்குக் கிடைத்த பெரும் நன்மை, அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை என்பது. அக்காலத்தில் கியர் மாற்றுவது ஒரு தனி வித்தை. பற்சக்கரங்கள் உராய்ந்து கூச்சலிடும். ட்வின் சிக்ஸ் வைத்திருந்தவர்களோ மேல் கியரிலேயே ஆள் நடக்கும் வேகத்தில் தொடங்கி விரைவு வேகம் வரை சென்றார்கள். 1921-இல் வாரன் ஹார்டிங், இக்காரில்தான் தம் பதவியேற்பு விழாவுக்குச் சென்றார். அவ்விழாவுக்குக் காரில் சென்ற முதல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அவரே.

கதவு திறந்தது

1920-களின் நடுவில் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. பாக்கார்டின் விலையோ 2,500 டாலருக்கு மேல். உயர்விலைக் கார்களில் காடிலாக்கையும் முந்தி நின்ற காலம் அது. மருத்துவர், வங்கியாளர், திரைப்பட நட்சத்திரம் ஆகியோர் வீட்டு வாசலில் அது நின்றது. முன்புற ரேடியேட்டரின் வடிவத்தைக் கண்டே தொலைவிலிருந்து அதை இனம் கண்டுகொள்ளலாம்.

1929-இல் பங்குச்சந்தை சரிந்தது. விலை உயர்ந்த கார்களை வாங்க ஆளில்லை. பெயர் பெற்ற நிறுவனங்கள் பல மூடப்பட்டன. பாக்கார்டு வேறு வழி தேடியது. 1935-இல் 'ஒன் ட்வென்டி' என்ற காரை 1,000 டாலருக்குச் சற்றுக் குறைவான தொடக்க விலையில் வெளியிட்டது. திரவ அழுத்த பிரேக்கும், முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பும் அதில் இருந்தன. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 25,000 கார்கள் விற்றன. பாக்கார்டைத் தெருவில் வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நடுத்தரக் குடும்பத்தார் முதன்முறையாக அதன் கதவைத் திறந்து உள்ளே அமர்ந்தார்கள்.

இங்கேதான் ஒரு வழக்கு எழுகிறது. எளியவர்களுக்கும் விற்கத் தொடங்கியதால் பெயர் மலிந்தது, அதனால்தான் பாக்கார்டு அழிந்தது என்று எழுதுவோர் உண்டு. செல்வர்களில் பலர் பிற்காலத்தில் காடிலாக்குக்கு மாறியது உண்மையே. ஆயினும் இந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. தொடர்ந்து நடந்ததைப் பார்ப்போம்.

குளிரும் போரும்

1940-ஆம் ஆண்டு மாடலில் தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தித் தந்தது பாக்கார்டு. கார் உலகில் இது ஒரு முதல் முயற்சி. அதை வாங்கியவர்களின் அனுபவம் சுவையானது. குளிர்விக்கும் கருவி, பின்னால் பெட்டி வைக்கும் இடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கிடையாது. முழுவதுமாக நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, மூடியைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்டைக் கழற்ற வேண்டும்! சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் 'மெர்லின்' விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்துதரும் பொறுப்பு பாக்கார்டுக்கு வந்தது. 55,000-க்கும் மேற்பட்ட எஞ்சின்களை அது செய்து கொடுத்தது. முஸ்டாங் போர் விமானங்களும் லங்காஸ்டர் குண்டு விமானங்களும் அவற்றால் பறந்தன. எளியவர்களுக்குக் கார் செய்யத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குப் பின் ஏற்ற பணி இது. மலிவு விலைக் காரைச் செய்ததால் கைத்திறன் கெட்டுவிட்டது என்றால் இது எப்படி முடிந்தது?

சாட்சிகள் மாறினர்

போருக்குப் பின் நிலைமை மாறியது. ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் அடிக்கடி புதுத் தோற்றம் கொடுத்தன. 1948 பாக்கார்டு உடல் பருத்து நின்றதால் 'கருவுற்ற யானை' என்ற பட்டப்பெயர் பெற்றது. இதற்கிடையே காரின் உடல்கூட்டைத் தானே செய்யாமல் பிரிக்ஸ் என்ற வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கி வந்தது பாக்கார்டு. 1953-இன் இறுதியில் அந்த நிறுவனத்தைக் கிரைஸ்லர் வாங்கிவிட்டது. வேறு வழியின்றி இடநெருக்கடி மிக்க ஒரு தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்து, அவசர அவசரமாக அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 1954-இல் ஸ்டூட்பேக்கர் நிறுவனத்துடன் இணைந்தது. இணைந்த நிறுவனமோ ஏற்கெனவே நட்டத்தில் இருந்தது.

இவ்வளவு இக்கட்டிலும் 1955 பாக்கார்டு ஓர் அறிவியல் விந்தை. சுருள்வில்லுக்குப் பதிலாக முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் நீண்ட முறுக்குத் தண்டுகளை அதில் அமைத்தார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு முறுக்கிக்கொண்டு அந்த விசையின் ஒரு பகுதியைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும்; உடல்கூடு சாயாமல் செல்லும். பின்னால் பாரம் ஏற்றினால் சில வினாடிகளில் ஒரு மின்மோட்டார் இயங்கி வண்டியைத் தானாகச் சமப்படுத்திவிடும். நம் ஆய்வகத்தில் முறுக்கு ஊசலின் கம்பியைத் திருகி அலைவு நேரம் கணக்கிடுகிறோமே, அதே தத்துவம்தான் இரண்டு டன் காரைத் தாங்கியது.

விந்தை இருந்தது, வேலைத்திறன் இல்லை. கதவுகள் பொருந்தவில்லை. எஞ்சினில் சத்தம் என்று முறையீடு. 1956 மாடலில் பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் மின்னமைப்பு பழுதாகி வழியில் நின்றது. வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் அலைந்தார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் "வைத்திருப்பவரைக்" கேட்டார். வைத்திருந்தவர் உண்மையைச் சொன்னார். ஓராண்டில் விற்பனை ஏறக்குறையப் பாதியாகியது. 1956 ஜூனில் டெட்ராய்ட்டில் கடைசிப் பாக்கார்டு வெளிவந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஸ்டூட்பேக்கர் கார்களுக்கே பாக்கார்டு பெயரை ஒட்டி விற்றார்கள். மக்கள் ஏமாறவில்லை, 'பாக்கார்டுபேக்கர்' என்று கேலி செய்தார்கள். 1958-இல் எல்லாம் முடிந்தது.

நான் கற்ற பாடம்

எளியவருக்குக் கதவைத் திறந்ததால் பாக்கார்டின் தரம் குறையவில்லை. 1935-இல் ஆயிரம் டாலர் கொடுத்தவருக்கும் அது நேர்மையான காரைத்தான் கொடுத்தது. அவரும் நல்ல சாட்சி சொன்னார். மூலதனப் பலமும் போட்டியும் அதை நெருக்கின என்பது மெய். ஆனால் பெயர் போனது, அவசரத்தில் செய்த அரைகுறை வேலையைப் பழைய பெயரின் கீழ் விற்றபோதுதான். கூட்டம் சேர்ந்தால் தரம் போய்விடும் என்ற பேச்சைக் கல்வியைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

என் தந்தை கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். அவர் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. அங்கே கட்டிய மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். ஒருமுறை அவர் கட்டிய மோட்டார் பத்தே நாளில் எரிந்துபோனது. இரவெல்லாம் விழித்து, காசு வாங்காமல் மறுபடி கட்டிக் கொடுத்தார். "நம்ம தப்பா, கரண்டு தப்பான்னு தெரியாதப்பவே ஏம்ப்பா சும்மா கட்டறீங்க?" என்றேன். "மோட்டார் நின்னா அவரு பயிரு காயும் கண்ணு. அப்புறம் நம்ம பேரும் காஞ்சுரும்" என்றார். ஜேம்ஸ் வார்டு பாக்கார்டின் பெயரை அவர் கேட்டதே இல்லை.

டெட்ராய்ட்டில் பல்லாண்டு பாழடைந்து கிடந்த தொழிற்சாலையை 2022 முதல் இடித்து அகற்றினார்கள். ஆனால் 1899-இல் ஓடிய அந்த முதல் கார் அழியவில்லை. தாம் படித்த லீஹை பல்கலைக்கழகத்துக்கு ஜேம்ஸ் வார்டு கொடுத்த நன்கொடையில் எழுந்த ஆய்வகக் கட்டடத்தில், மாணவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்தில் அது நிற்கிறது. பழைய பாக்கார்டுகளை இன்றும் ஓட்டிப் பேணுவோர் சங்கம் வைத்துக் கூடுகிறார்கள். அவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

நாளை நம்மிடம் படித்தவரை, நம்மிடம் வேலை வாங்கியவரை யாரேனும் கேட்பார்கள். அவர் என்ன சொல்வார் என்பதை இன்று நாம் செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது.