வடக்கின் காட்டுத்தீ: எரியும் மண்ணின் கணக்கு

2023ஆம் ஆண்டு கனடாவில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் காடு எரிந்தது. யெல்லோநைஃப் நகரத்து மக்கள் மொத்தமாக ஊரைக் காலி செய்தார்கள். நியூயார்க்கின் வானம் புகையால் ஆரஞ்சு நிறமானது. மே முதல் செப்டம்பர் வரை அந்தத் தீ வெளியேற்றிய கார்பன் ஏறக்குறைய 65 கோடி டன் என்று செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்து ஓராண்டில் இதைவிட அதிகம் வெளியேற்றும் நாடுகள் சீனா, அமெரிக்கா, இந்தியா மூன்றுதான். செய்திப் படங்களில் நாம் கண்டது தீப்பற்றிய மரங்களை. ஆனால், வட அமெரிக்காவின் குளிர்காடுகளில் தீ வெளியேற்றும் கார்பனில் பெரும்பகுதி மரங்களிலிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தீயின் உண்மையான கணக்கு நமக்குப் பிடிபடாது. எவ்வளவு ஆழம் எரிந்தது, எரிந்தது எந்தக் காலத்துக் கார்பன் என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

வெப்பமண்டலக் காட்டில் உதிர்ந்த இலை சில மாதங்களில் மட்கி மறைந்துவிடும். அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சைபீரியாவிலும் அப்படியல்ல. குளிரிலும் ஈரத்திலும் நுண்ணுயிர்கள் மந்தமாகவே வேலை செய்கின்றன. ஸ்புரூஸ் மரத்தின் ஊசியிலைகளும் தரையைப் போர்த்தியிருக்கும் பாசியும் பாதி மட்கியும் மட்காமலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. கனிம மண்ணுக்கு மேலே இந்தக் கரிமப் பொருள் ஒரு சாணுக்கும் அதிகமான தடிமனில் கிடப்பது அங்கே சாதாரணம். இப்படித் தாவர எச்சம் நெடுங்காலம் படிந்த சதுப்பான பீட் நிலங்களில் அது பல அடி ஆழம் போகும். அதற்கும் கீழே பல இடங்களில் கோடையிலும் உருகாத உறைநிலம் இருக்கிறது. வடக்கின் உறைநிலப் பகுதிகளில் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி டன் அளவுக்குக் கார்பன் புதைந்திருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இன்று வளிமண்டலத்தில் இருப்பதைப் போல இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோடை வெப்பம் அந்த உறைநிலத்தை எட்டாமல் தடுத்து நிற்பதும் மேலே கிடக்கும் பாசியும் மட்கும்தான்.

தீ வந்தால் மரத்தில் சுடர்விட்டு எரிந்து சில நிமிடங்களில் கடந்துபோகும். தரையில் அப்படி இல்லை. காய்ந்த மட்கு அடுக்கில் அது சுடரில்லாமல் கனன்று, நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கீழ்நோக்கி இறங்கும். சில இடங்களில் பனிக்காலம் முழுவதும் பனிக்கு அடியிலேயே கனன்றிருந்து அடுத்த வசந்தத்தில் வெளிப்படுகிறது. (இப்படிப்பட்ட தீக்குப் பத்திரிகைகள் பயங்கரமான பெயர்களைச் சூட்டினாலும், 2002 முதல் 2018 வரை அலாஸ்காவிலும் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களிலும் எரிந்த பரப்பில் அதன் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான்.) கனன்ற இடத்தில் கார்பனோடு நைட்ரஜனும் பெருமளவு காற்றோடு போய்விடுகிறது. மரவேர்களுக்கு உணவூட்டும் பூஞ்சைகள் மடிகின்றன. சாம்பலின் காரத்தன்மை மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. கறுத்த தரை வெயிலை அதிகம் உறிஞ்ச, போர்வை இழந்த உறைநிலம் முன்பைவிட ஆழமாக உருகுகிறது. நுண்ணுயிர்களும் தீயில் அழிவதால், எஞ்சிய மட்கு உடனே வேகமாகச் சிதைந்துவிடும் என்று சொல்ல முடியாது. சில ஆய்வுகளில் கடுமையாக எரிந்த இடங்களில் சிதைவு மந்தமாகவே நடந்திருக்கிறது. ஆனால் கீழே உருகிய மண் அதன்பின் பல ஆண்டுகள் நுண்ணுயிர்களுக்குத் திறந்தே கிடக்கும்.

"காட்டுத்தீ அங்கே இயற்கைதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கருப்பு ஸ்புரூஸின் காய்கள் தீயின் வெப்பத்தில்தான் நன்றாகத் திறந்து விதைகளைக் கொட்டும். நூறாண்டுக்கு ஒரு முறை என்ற அளவில் எரிவதும், எரிந்தபின் முளைத்து, இழந்த கார்பனை மீண்டும் சேர்ப்பதும் பல்லாயிரம் ஆண்டுகளாக நடந்துவருவதுதான். ஆனால் அந்தச் சுழற்சி நிலைத்ததற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு தீயும் மட்கு அடுக்கின் மேற்பகுதியை மட்டும் எரித்துவிட்டு அடிப்பகுதியை விட்டுப் போக வேண்டும். அப்படி முந்தைய தீக்களுக்குத் தப்பிய கார்பனை அசல் என்றும், கடைசித் தீக்குப் பிறகு சேர்ந்ததை வட்டி என்றும் வைத்துக்கொள்ளலாம். வட்டி எரிந்தால் காடு அதைத் திரும்பச் சேர்த்துவிடும். அசலில் கைவைத்தால் அடுத்த நூறாண்டு வளர்ச்சியும் அதை ஈடுகட்டாது.

அசலில் தீ கைவைத்திருக்கிறதா என்பதை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே சொல்லலாம். 2014இல் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் பெருந்தீ பரவியபின், சாந்தே வாக்கர், மிஷெல் மாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 200க்கும் மேற்பட்ட இடங்களில் இதைச் செய்தார்கள். பாசி உயர உயரக் கருப்பு ஸ்புரூஸ் தன் அடிமரத்திலிருந்து புதிய வேர்களை அந்தப் பாசிக்குள் விடும். தீ மட்கைத் தின்றுவிட்டால், அந்த வேர்கள் கருகிய அடிமரத்தில் தரைக்கு மேலே அந்தரத்தில் தொங்கும். வேருக்கும் இப்போதைய தரைக்கும் உள்ள இடைவெளியிலிருந்து எரிந்த ஆழத்தைக் கணக்கிடலாம். பிறகு, எஞ்சிய தரையின் மேல்மண்ணைக் கதிரியக்கக் கார்பன் முறையில் காலம் கணிக்கிறார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றின் கதிரியக்கக் கார்பனை உயர்த்தியதால், ஒவ்வொரு காலத்துப் பாசியிலும் அந்தக் காலத்தின் அடையாளம் பதிந்திருக்கிறது. வெளியே தெரியும் மண்ணின் வயது அங்கே நின்ற மரங்களின் வயதைவிட அதிகம் என்றால், தீ அசலுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். 2019இல் நேச்சர் இதழில் வந்த முடிவு இது: வயதான காடுகளில் அசல் பெரும்பாலும் தப்பியது. 60 வயதுக்கும் குறைந்த காடுகளிலோ ஏறக்குறைய பாதி இடங்களில் அது எரிந்தது. ஈரமான இடங்களைவிட உலர்ந்த இடங்களில் ஆபத்து அதிகம். ஆக, முந்தைய தீயிலிருந்து தேறுவதற்குள் அடுத்தது வந்துவிடும் இடங்களில்தான் கார்பனைச் சேமிக்கும் காடு கார்பனை வெளியேற்றும் காடாக மாறுகிறது. வெப்பமாகும் வடக்கில் தீ அடிக்கடி வரத் தொடங்கினால் இத்தகைய இடங்கள் பெருகும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அதைச் சொன்னவர்களில் ஒருவர் அதே மிஷெல் மாக். அலாஸ்காவில் 2004இல் கடுமையாக எரிந்த ஸ்புரூஸ் காடுகளில் பின்னர் ஆஸ்பென், பிர்ச் போன்ற இலையுதிர் மரங்கள் வந்தன. அவை வேகமாக வளர்வதால், முழுச் சுழற்சியையும் கணக்கில் எடுத்தால் பழைய ஸ்புரூஸ் காட்டைப் போல ஐந்து மடங்கு கார்பனைச் சேர்க்கக்கூடும் என்று 2021இல் சயன்ஸ் இதழில் அவர் குழு எழுதியது. இலையுதிர் காடு எளிதில் தீப்பற்றுவதுமில்லை. இதை ஒதுக்கிவிட முடியாது, நல்ல செய்திதான். இருந்தாலும் அந்தக் கார்பன் சேர்வது பெரும்பாலும் தரைக்கு மேலே, மரத்தில். உதிரும் அகன்ற இலைகள் பாசியை மூடி வளரவிடாமல் செய்வதால் மட்குப் போர்வை பழையபடி தடிப்பதில்லை. கீழே உறைநிலத்தில் கிடப்பதை அந்த மரங்கள் காப்பாற்றித் தருமா என்பதற்கு மரத்தின் கணக்கில் விடையில்லை. மேலும், மரமே இல்லாத துந்திராவில் இந்த ஆறுதலுக்கும் இடமில்லை. 2007இல் அலாஸ்காவின் வடசரிவில் அனக்டுவுக் ஆற்றங்கரையில் எரிந்த 1,039 சதுர கிலோமீட்டரிலிருந்து மட்டும் சுமார் 21 லட்சம் டன் கார்பன் வெளியேறியது. எரிந்த மண்ணில் 50 ஆண்டு வரை பழைய கார்பன் இருந்தது. முழுதாக எரியாத பகுதி கரித்துண்டாகி மண்ணில் நெடுங்காலம் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது மேலடுக்கிலேயே கிடப்பதால் அடுத்த தீயில் அதிலும் ஒரு பகுதி போகும்.

இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் தீயை அணைக்கவா முடியும் என்பது கடைசிக் கேள்வி. எல்லா இடத்திலும் முடியாது, தேவையும் இல்லை. அலாஸ்காவின் யூகான் ஃபிளாட்ஸ் வனவிலங்குச் சரணாலயத்தில் 2023இல் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. ஊர்கள் இல்லாத பகுதிகளில் தீயைக் கண்காணித்துவிட்டு எரிய விடுவதே அதுவரை வழக்கம். அந்த ஆண்டு 80 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட சரணாலயத்தில், பனி மிகுந்த பழைய உறைநிலம் உள்ள 16 லட்சம் ஏக்கரைக் குறித்து, மண்ணின் கார்பனைக் காப்பதற்காகவே அங்கே தீயைத் தொடக்கத்திலேயே அணைக்க முடிவெடுத்தார்கள். அலாஸ்காவில் இப்படித் தடுக்கும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் செலவு சுமார் 13 டாலர்தான் என்று 2022இல் ஓர் ஆய்வு கணித்தது. கனடாவோ தன் தேசியப் பசுமைக்குடில் வாயுக் கணக்கில் காட்டுத்தீ உமிழ்வை இயற்கைச் சீற்றம் என்று தனியே ஒதுக்கிவைக்கிறது. மனிதர் செய்ததையும் தானே நேர்ந்ததையும் பிரித்துக் காட்ட அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் எங்கே இளங்காடு, எங்கே உலர்ந்த மட்கு, எங்கே பனி மிகுந்த உறைநிலம் என்ற வரைபடங்கள் தீயணைப்பு அலுவலகங்களின் மேசையில் ஊர்களின் வரைபடத்துக்கு அடுத்ததாக இருக்க வேண்டும். முப்பது வயதுக் காடு ஒன்றில் புகை எழுந்தால், விமானம் முதலில் அங்கே போக வேண்டும்.