சாயம் போவதற்கென்றே ஒரு துணி

புடவை எடுக்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, ‘சாயம் போகுமா?’ என்பதுதான். ஜீன்ஸ் விஷயத்தில் மட்டும் சாயம் போனதைத்தான் தேடி வாங்குகிறோம்.

பழைய ஜீன்ஸின் ஓரத்திலிருந்து நீல நூல் ஒன்றை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மேலே நீலம், உள்ளே வெள்ளை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டுமே சாயம் ஏற்றுகிறார்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். பாவு மேலே அதிகம் தெரியும்படி நெய்வதால்தான் துணியின் உட்புறம் வெளிறிக் கிடக்கிறது.

அந்த நீலம் இண்டிகோ, நம் அவுரிச் செடி தந்த அதே நீலம். அது தண்ணீரில் கரையாது. காரம் சேர்த்த நீரில், ஆக்சிஜனேற்றத்துக்கு நேர்மாறான ஒடுக்க வினைக்கு உட்படுத்தினால் பச்சை கலந்த மஞ்சளாகிக் கரையும். அதில் தோய்த்த நூலை வெளியே தூக்கியதும் காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது! மீண்டும் கரையாத் துகளாகிவிட்ட அந்த நீலம் பருத்தியோடு வேதிப்பிணைப்பு எதையும் கொள்வதில்லை. நூலின் வெளிவட்டத்தில் சும்மா தங்கியிருக்கிறது. அதனால்தான் முழங்கால், தொடை, பாக்கெட் விளிம்பு என உரசும் இடமெல்லாம் உதிர்கிறது.

1873 மே 20 அன்று, பாக்கெட் கிழியாமலிருக்கச் செம்பு ரிவிட் அடிக்கும் முறைக்குத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் சான்பிரான்சிஸ்கோ துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் கால்சட்டை உழைப்பாளிகளுக்கானது. வருடக்கணக்கான வேலையில் தானாக வெளுத்தது. 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை இண்டிகோவை விற்கத் தொடங்க, இந்திய அவுரி வயல்கள் சுருங்கின. திண்டிவனம் பக்கம் இன்றும் கொஞ்சம் பயிராகிறது.

ஜீன்ஸில் பெல்பாட்டம் வந்தது, போனது. 1958-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பான்டெக்ஸ் இழை, பின்னாளில் காலோடு ஒட்டும் ஸ்கின்னிக்கு வழிவகுத்தது. என்னைப் பொறுத்தவரை, வெட்டு மாறியதைவிடப் பெரிய மாற்றம் வெளுப்பை விலைக்கு வாங்க ஆரம்பித்ததுதான். முதலில் எரிமலைக் குழம்பு உறைந்த நுரைக்கல்லைச் சலவை எந்திரத்தில் போட்டுத் துவைத்தார்கள். பிறகு, பருத்தி இழையின் மேற்பரப்பை அரிக்கும் செல்லுலேஸ் நொதி வந்தது. அடுத்து மணல் பீய்ச்சும் முறை. துருக்கியில் மூடிய பட்டறைகளில் அந்த மணலின் சிலிக்கா தூசியைச் சுவாசித்த இளைஞர்களின் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போனது. சிலிகோசிஸ் என்னும் அந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது, பலர் இறந்தார்கள். 2009-இல் அந்த நாடு அம்முறையைத் தடை செய்தது. ஒரு சாயத்தின் ஒட்டாத குணத்தை அழகென்று கொண்டாடியதற்கு, அதை உடுத்தாதவர்கள் கொடுத்த விலை அது.

இன்று லேசர் கதிர் சில நிமிடங்களில் அதே வெளுப்பை வரைந்துவிடுகிறது. ஆனாலும் பல ஆலைகளில், நிறத்தை வெளுக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைத் தொடைப் பகுதியில் தெளிக்கும் வேலை இன்னும் கையால்தான் நடக்கிறது.